இரண்டு பழைய வரைபடங்களில் இரண்டு சதுப்புகள்: எதை நம்புவது?

உங்களிடம் இரண்டு வரைபடங்கள் இருக்கின்றன. ஒன்று 1850களில் அளந்தது, மற்றது ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்து அச்சானது. இரண்டிலும் இருப்பது ஒரே கடலோரச் சதுப்பு நிலம். ஆனால் முதலாவதில் சதுப்பின் கடற்பக்க விளிம்பு ஓரிடத்தில் ஓடுகிறது, இரண்டாவதில் வேறிடத்தில். முதலாவதில் மர வேர் போலக் கிளைவிட்ட கழிகள், அதாவது கடல்நீர் சதுப்புக்குள் ஏறி இறங்கும் தடங்கள், நிறைய. இரண்டாவதில் நான்கைந்து மட்டுமே. “எது சரியான வரைபடம்? ஒன்றின்மேல் ஒன்றை வைத்துச் சதுப்பு எத்தனை ஹெக்டேர் சுருங்கியது என்று கணக்கிடலாமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். நான் புரிந்துகொண்ட வரையில் உங்கள் உண்மையான கேள்வி இது: இந்தக் கோடுகளில் எது கண்ணால் பார்த்து அளந்து போட்டது, எது குத்துமதிப்பாக இழுத்தது, அதை எப்படிப் பிரித்தறிவது? அதற்குத்தான் பதில் சொல்லப் போகிறேன். பழைய அளவை வரைபடங்களை இன்றைய ஆயத்தொலைவுகளுக்குப் பொருத்தும் வேலையில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். சதுப்பு நிலங்கள் என்னை ஏமாற்றிய அளவுக்கு மலைகளோ ஊர்களோ ஏமாற்றியதில்லை.

முதலில், நீங்கள் அதிகம் நம்பும் கோட்டிலிருந்து தொடங்குகிறேன். தடித்த மையில் அழுத்தமாக இருக்கும் கரைக்கோடு. பார்த்தால் அதுதான் உறுதியானது போலத் தோன்றும். சதுப்பில் உண்மை நேர்மாறு. மணற்கரையிலோ பாறைக்கரையிலோ ஏற்றவற்றத்தின் (கடல்நீர் நாள்தோறும் ஏறி இறங்குவதன்) உயர்நீர்க்கோடு எங்கே என்று ஓரளவு காட்ட முடியும். சருகும் சிப்பியும் ஒதுங்கிய வரிசை இருக்கும். சதுப்பின் தரையோ கிட்டத்தட்டச் சமதளம். சரிவு ஆயிரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் பத்து சென்டிமீட்டர் கூடினால் நீரின் விளிம்பு நூறு மீட்டர் உள்ளே போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்துக்கும் அட்டமியை ஒட்டி வரும் சிறிய ஏற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பல இடங்களில் இதைவிட மிக அதிகம். அதனால் “உயர்நீர்க்கோடு” என்பது சதுப்பில் தேடிப் பிடிக்கக்கூடிய கோடே அல்ல. புல்லுக்குள் எங்கோ கரைந்து கிடக்கும்.

அன்றைய அளவையாளர்களுக்கு இது தெரியாமல் இல்லை. அமெரிக்காவின் கடற்கரை அளவைத் துறை 19ஆம் நூற்றாண்டில் சமதள மேசையை (களத்திலேயே குறிபார்த்துக் கோடு போட உதவும், முக்காலிமேல் வைத்த வரைபலகையை) வைத்துக்கொண்டு பெரும்பாலும் 1:10,000 அளவில் கடலோரத் தாள்களை வரைந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவின் சதுப்புகளுக்கு 1850களின் தாள்கள் இருக்கின்றன. இந்த வகையில் உலகில் எஞ்சியிருக்கும் மிகச் சிறந்த ஆவணங்களில் அவையும் அடங்கும் என்பது என் கருத்து. அவற்றில் சதுப்பு வரும் இடத்திலெல்லாம் கரைக்கோடாகப் போட்டிருப்பது உயர்நீர்க்கோடு அல்ல, செடிகள் முடியும் வெளிவிளிம்பு. படகிலிருந்து பார்த்தால் கரை போலத் தெரிவது அதுதானே. வேலைக்குப் பொருத்தமான முடிவுதான். ஆனால் இதே தாளில் இரண்டு மைல் தள்ளி மணற்கரை வந்ததும் அதே தடிமனுள்ள கோடு உயர்நீர்க்கோடாக மாறிவிடும். கோடு ஒன்று, பொருள் இரண்டு. பிரிட்டனிலும் இப்படி ஒரு சிக்கல் உண்டு. அங்கே நில அளவைத் துறையின் வரைபடங்களில் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் சராசரி ஏற்றத்தின் கோட்டையும், ஸ்காட்லாந்துக்குப் பெரிய ஏற்றத்தின் கோட்டையும் எடுத்துக்கொண்டார்கள். காரணம் சட்டம், கரையோரத்தின் எல்லையை இரண்டு சட்டங்களும் வேறு வேறாகப் பார்த்தன. ஆகவே உங்கள் இரண்டு வரைபடங்களும் ஒரே விளிம்பைத்தான் வரைந்தன என்று எடுத்த எடுப்பில் நினைத்துவிடாதீர்கள். குறிவிளக்கத்தைப் பாருங்கள். அங்கே இல்லையென்றால் அந்தத் துறை அந்தக் காலத்தில் தன் ஆட்களுக்குக் கொடுத்த அறிவுறுத்தல்களைத் தேடுங்கள். பெரும்பாலான அளவைத் துறைகள் அவற்றை அச்சிட்டே கொடுத்திருக்கின்றன.

சதுப்பின் நிலப்பக்க எல்லையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். உவர்ப்புல் மெல்ல மெல்ல நன்னீர்ப் புல்லாகி, அது மேய்ச்சல் நிலமாகி, ஓரிடத்தில் வயலாகும். எந்தப் புள்ளியில் சதுப்பு முடிந்தது? மழைக்காலத்தில் வந்த அளவையாளர் ஒன்று சொல்வார், கோடையில் வந்தவர் வேறொன்று சொல்வார். பல வரைபடங்களில் அங்கே கோடே இருக்காது, சதுப்புக் குறியீடு அடர்த்தி குறைந்து மறையும், அவ்வளவுதான். அந்த மறைவைக் கணினியில் ஒரு கூர்மையான கோடாக மாற்றுகிறவர் நாம்தான். அளவையாளர்மேல் பழி போடக்கூடாது.

இனி கழிகளுக்கு வருவோம். இவற்றை வரைபடக்காரரின் அலங்காரம் என்று பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். அத்தனை நெளிவு எதற்கு, அழகுக்காகத்தான் இருக்கும் என்று நினைப்பு. நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். பிறகு, 150 ஆண்டு பழைய தாள் ஒன்றை வானிலிருந்து எடுத்த படத்தின்மேல் வைத்துப் பார்த்தபோது, அணை கட்டி மூடாமல் விட்ட பகுதியில் கழியின் வளைவுகள் ஒவ்வொன்றாகப் போய் உட்கார்ந்தன. வியப்படைய வேண்டியதில்லை. முதிர்ந்த, புல் மூடிய சதுப்பில் கழிக்கரையை வேர்கள் பின்னிப் பிடித்திருக்கும், களிமண் இறுகியிருக்கும், நாளுக்கு நாள் ஏற்றமும் வற்றமும் அதே தடத்தில் போய்த் திரும்பும். ஆற்றைப் போல ஒரு வெள்ளத்தில் தடம் மாறிவிடும் வழக்கம் கழிக்கு இல்லை. வெளிவிளிம்பு அலையில் அரிக்கப்பட்டோ சேறு படிந்தோ முன்னும் பின்னும் நகர்ந்துகொண்டிருக்கும் அதே காலத்தில், உள்ளே இருக்கும் பெரிய வளைவுகள் அசையாமல் இருக்கும். நீங்கள் சந்தேகப்பட்ட கோடுகள்தான் இங்கே நல்ல சாட்சிகள்.

ஆனால் கழி முழுவதும் ஒரே நம்பகத்தன்மை உடையது அல்ல. வாய்ப்பகுதியையும் பிரதான தடத்தையும் படகிலோ கரையிலோ நின்று சமதள மேசையில் குறிபார்த்துப் போட்டிருப்பார்கள். படகு போகாத இடத்துக்கு மேலே, இடுப்பளவு சேற்றில் யார் மேசையைத் தூக்கிக்கொண்டு போவது? அங்கிருந்து கிளைகளின் நுனிவரை கண்மதிப்பு. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதே அளவையாளர் வரைந்த பக்கத்துத் தாள்களை எடுத்துப் பாருங்கள். நுனிக்கிளைகள் எல்லாத் தாள்களிலும் ஒரே மாதிரி, இரண்டு நெளிவும் ஒரு கவையுமாக முடிந்தால் அது நிலத்தின் வடிவமல்ல, அவர் கையெழுத்து. ஒவ்வொன்றும் வேறுபட்டு, சில இடங்களில் திடீரென்று வெட்டுப்பட்டதுபோல நின்றுவிட்டால், மனிதர் உண்மையிலேயே அங்கே போயிருக்கிறார் என்று கொஞ்சம் நம்பலாம். இன்னொன்று: கழியில் நீர் இரண்டு பக்கமும் ஓடும் என்பதை மறந்து, ஆற்றுக்குப் போடுவதுபோல ஒற்றை அம்புக்குறி போட்டிருந்தால், வரைந்தவர் அந்த இடத்தை நேரில் பார்க்காமல் வேறொரு வரைபடத்திலிருந்து நகலெடுத்திருக்க வாய்ப்பு அதிகம். கழி, ஆறு, ஓடை, வாய்க்கால் என்று தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கும்போது நாமே எல்லாவற்றையும் “நீர்வழி” என்ற ஒரே பட்டியில் அடைத்துவிடுகிறோம். உங்கள் தரவுத்தளத்திலாவது அவற்றைப் பிரித்தே பதியுங்கள்.

இரண்டாவது வரைபடத்தில் கழிகள் குறைந்ததற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், அவற்றில் ஒன்றுதான் நிலத்தில் நடந்த மாற்றம். அளவுவிகிதத்தை முதலில் பாருங்கள். பேனா கோட்டின் தடிமன் அரை மில்லிமீட்டர் என்று கொண்டால், 1:10,000 தாளில் அது ஐந்து மீட்டர். மைலுக்கு ஓர் அங்குலம் என்ற 1:63,360 தாளில் அதே கோடு கிட்டத்தட்ட 32 மீட்டரை மறைத்துவிடும். நான்கு மீட்டர் அகலக் கழியை அந்தத் தாளில் உண்மை அளவில் வரைந்தால் மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு வரும். எந்தச் செதுக்குபவராலும் முடியாது. முக்கியமான நான்கைந்தை வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடுவார்கள். ஆகவே சிறிய அளவுவிகித வரைபடத்தில் ஒரு கழி இல்லாததை, அது தூர்ந்துபோனதற்குச் சான்றாகக் காட்டவே கூடாது. இருப்பது சான்று, இல்லாதது சான்றல்ல. மூன்று காரணங்களில் அடுத்தது, திருத்தம். அரை நூற்றாண்டு கழித்து அச்சான தாள் என்பதால் அப்போது மறுபடி அளந்தார்கள் என்று ஆகாது. புதிய ரயில்பாதையை மட்டும் பழைய அச்சுத் தகட்டில் சேர்த்துவிட்டு, “இந்த ஆண்டுவரை ரயில்பாதைகள் சேர்க்கப்பட்டன” என்று கீழே சிறிய எழுத்தில் போடுவது அன்றைய பழக்கம். ரயில் புதியது, சதுப்பு பழையது. மூன்றாவதுதான் நீங்கள் தேடுவது: உண்மையாகவே கரை எழுப்பி, மதகு வைத்து, உப்பளமாகவோ வயலாகவோ மாற்றியது. அப்படி நடந்திருந்தால் சில அடையாளங்கள் இருக்கும். நெளிந்து வந்த கழி ஒரு நேர்கோட்டில் முட்டி நின்றுவிடும். அந்த நேர்கோட்டுக்கு அப்பால் சதுரம் சதுரமாக வாய்க்கால்கள் தொடங்கும். அங்கே தைரியமாக “மாற்றம்” என்று எழுதலாம்.

வரைபடத்துக்குப் பணம் கொடுத்தது யார் என்று கேட்காமல் எந்தக் கோட்டையும் படிக்கக்கூடாது என்பதற்கு வங்காளத்தைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. ஜேம்ஸ் ரென்னல் 1764இல் அங்கே அளக்கத் தொடங்கினார், 1767இல் வங்காளத்தின் தலைமை நில அளவையாளர் ஆனார். கங்கையிலிருந்து கல்கத்தாவுக்குப் படகு போகக்கூடிய வழி எது என்பதே அவருக்கு முதலில் கொடுத்த வேலை. அதனால் படகு போகும் நீர்வழிகள் அவர் வரைபடங்களில் அபாரமாக இருக்கின்றன. சுந்தரவனத்தின் உட்பகுதி அப்படியல்ல. ஒரு பகுதியில், மகர்களின் (அரக்கான் பக்கத்திலிருந்து வந்த கொள்ளையர்களின்) சூறையாட்டால் ஆளற்றுப்போன இடம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார். அந்த வெற்றிடத்தைப் பார்த்து “அங்கே கழிகள் இல்லை” என்று முடிவு செய்தால் அது நம் தவறு. இன்னொரு பாடமும் அதிலேயே இருக்கிறது. ரென்னல் வரைந்த பிரம்மபுத்திரா டாக்காவுக்குக் கிழக்கே போகிறது. இன்றைய வரைபடத்தைப் பார்த்துப் பழகியவர் இதைப் பிழை என்பார். பிழையல்ல. 1787 வெள்ளத்தில் டீஸ்டா ஆறு கங்கையை விட்டுப் பிரம்மபுத்திராவுக்குத் திரும்பியது. அடுத்து வந்த பத்தாண்டுகளில் பிரம்மபுத்திராவின் பெருநீரும் மேற்கே இன்றைய யமுனா (டெல்லி வழியே ஓடும் யமுனை அல்ல, வங்கதேசத்து ஆறு) தடத்துக்கு மாறிக்கொண்டது. வரைபடம் சரி, ஆறுதான் போய்விட்டது. சற்று முன்பு கழிவளைவுகள் நிலைத்தவை என்றேன் அல்லவா? பெரிய ஆறுகள் வண்டலைக் கொண்டுவந்து கொட்டும் கழிமுகங்களுக்கு அந்த விதியை அப்படியே கொண்டுபோகாதீர்கள். உங்கள் சதுப்புக்குள் பெரிய ஆறு எதுவும் நேராக வந்து விழவில்லை என்று எழுதியிருப்பதால்தான் அவ்வளவு உறுதியாகச் சொன்னேன்.

பணம் கோட்டை வளைக்கும் இன்னொரு விதமும் உண்டு. அமெரிக்காவில் 1850இல் வந்த சட்டம் ஒன்று சதுப்பு நிலங்களை மத்திய அரசிடமிருந்து மாநிலங்களுக்குக் கொடுத்தது. அவை மலிவாக விற்பனைக்கு வந்தன. உடனே, காய்ந்த நிலங்களெல்லாம் காகிதத்தில் சதுப்பாகத் தொடங்கின. படகை வண்டியில் ஏற்றி, குதிரை பூட்டி, உலர்ந்த நிலத்தின் குறுக்கே ஓட்டிக்கொண்டு போய், “இந்த நிலத்தைப் படகில் கடந்தேன்” என்று ஒருவர் சத்தியம் செய்தார் என்பார்கள். இது கதையாகவே இருக்கலாம். ஆனால் அப்படிக் கதை கட்டும் அளவுக்கு விஷயம் நாறிப்போயிருந்தது உண்மை. ஆகவே விற்பனைக்கோ வரிக்கோ தயாரான வரைபடத்தில் சதுப்பின் பரப்பு இருந்தால், பெரிதாகக் காட்டுவதில் யாருக்கு லாபம், சிறிதாகக் காட்டுவதில் யாருக்கு லாபம் என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அதே நாட்டின் பொதுநில அளவையாளர்கள் விட்டுப்போன குறிப்பேடுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். வரைபடத்தைவிட எனக்கு அவைதான் பிடித்தவை. ஒரு மைல் சதுரங்களாக நிலத்தைப் பிரிக்க, கோட்டின் வழியே சங்கிலி பிடித்து நடந்தார்கள். சங்கிலி 66 அடி, 80 சங்கிலி ஒரு மைல். நடக்கும்போதே “இத்தனையாவது சங்கிலியில் சதுப்புக்குள் நுழைந்தோம், இத்தனையாவதில் இவ்வளவு அகலக் கழி, இத்தனையாவதில் சதுப்பை விட்டு வெளியேறினோம்” என்று எழுதிக்கொண்டே போனார்கள். கோட்டின்மேல் இருக்கும் அந்த ஒற்றைப் புள்ளி தங்கம். இரண்டு கோடுகளுக்கு நடுவே வரைபடத்தில் காட்டியது பெரும்பாலும் கற்பனை. உங்கள் பகுதிக்கும் இதுபோலக் களக்குறிப்பேடு, எல்லைத் தகராறு வழக்கின் சாட்சியம், மதகு பராமரிப்புக் கணக்கு, ஏதாவது இருக்கிறதா என்று ஆவணக்காப்பகத்தில் கேளுங்கள். வரைபடப் பிரிவில் மட்டும் கேட்டால் கிடைக்காது. வருவாய், நீர்ப்பாசனம், துறைமுகம் என்று மற்றப் பிரிவுகளில் கிடக்கும்.

எது “மூல நிலை”, அதாவது எந்த ஆண்டின் சதுப்பை வைத்து இழப்பை அளப்பது என்ற கேள்வியை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சுருங்கிய பரப்பைக் கணக்கிடப் போகிறவர் இதிலிருந்து தப்ப முடியாது. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1850களின் தாள்கள் வரையப்பட்ட அதே காலத்தில்தான் மேலே மலைகளில் தங்கத்துக்காக நீரைப் பீய்ச்சி மலைச்சரிவுகளைக் கரைக்கத் தொடங்கினார்கள். 1853இல் தொடங்கி, 1884இல் நீதிமன்றம் கட்டுப்படுத்தும்வரை அந்த மண் ஆறுகளில் இறங்கியது. வளைகுடாவை எட்டியபோது சில ஓரங்களில் சதுப்பு கடலை நோக்கி வளர்ந்தது. ஆக, அங்கே 1850ஐ 1900உடன் ஒப்பிட்டால், அணை கட்டியதால் ஒரு பக்கம் இழப்பு, வண்டலால் இன்னொரு பக்கம் வரவு. இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகச் சொன்னால் நடந்தது எதுவும் தெரியாது. மொத்தத்தில் அந்த வளைகுடாவில் ஒருகாலத்தில் 1,90,000 ஏக்கர் அளவுக்கு ஏற்றநீர்ச் சதுப்பு இருந்தது என்றும், 1990களின் இறுதியில் 40,000 ஏக்கர் அளவுக்கே எஞ்சியிருந்தது என்றும் மதிப்பிட்டிருக்கிறார்கள். அந்த மதிப்பீட்டுக்கு அடித்தளம் இந்தப் பழைய தாள்கள்தான்.

வெனிஸ் காயலில் கதை வேறு. காயல் தூர்ந்துவிடக்கூடாதென்று நூற்றாண்டுகளாக ஆறுகளையே வெளியே திருப்பிவிட்டவர்கள் அவர்கள். 1791இல் காயலின் எல்லையைச் சுற்றிக் கற்கள் நட்டு முடித்தார்கள். நெப்போலியன் காலத்தில், 1809 முதல் 1811 வரை, தெனே என்ற படை அதிகாரி காயல் முழுவதையும் அளந்தார். அந்த வரைபடத்தில் இருக்கும் சதுப்புத் திட்டுகளில் இன்று மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அங்கே சதுப்பை அழித்தது மண்ணைக் கொட்டியது மட்டுமல்ல. மண் வராமல் போனதும் சேர்ந்துதான். நட்ட எல்லைக்கற்கள் பிற்கால வேலைக்கு எவ்வளவு உதவும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். பழைய வரைபடத்தை ஜியோரெஃபரன்ஸ் செய்ய, அதாவது இன்றைய ஆயத்தொலைவுகளுக்குப் பொருத்த, அன்றும் இன்றும் அசையாத புள்ளிகள் வேண்டும். சதுப்புக்கு நடுவே அப்படி ஒன்றும் இருக்காது. எல்லாப் புள்ளிகளும் நிலப்பக்கத்திலேயே கிடைக்கும்: கோயில் கோபுரம், தேவாலயம், பாறைமுனை, முக்கோண அளவைக் கல். ஒரே பக்கத்தில் புள்ளிகளைக் குவித்துவிட்டு, கணினி காட்டும் பிழை எண் சிறியதாக இருக்கிறதே என்று மகிழ்ந்தால், கடற்பக்கத்தில் தாள் ரப்பர்போல இழுபட்டிருக்கும். சதுப்புக்குள் இருக்கும் பெரிய கழிவளைவு ஒன்று இன்றும் பிழைத்திருந்தால் அதைப் புள்ளியாக எடுக்காதீர்கள், சோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொருத்திய பிறகு அது எவ்வளவு தள்ளி விழுகிறதோ அதுதான் உங்கள் உண்மையான பிழை. தாளில் அச்சான அட்சரேகை, தீர்க்கரேகைகளை மட்டும் நம்பியும் போகாதீர்கள். டேட்டம், அதாவது ஆயத்தொலைவுகளுக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் பூமியின் அளவுமாதிரி, மாறியதாலேயே இடம் நகரும்; கலிஃபோர்னியாப் பக்கம் 1927ஆம் ஆண்டு டேட்டத்துக்கும் 1983ஆம் ஆண்டு டேட்டத்துக்கும் இடையிலேயே ஏறத்தாழ நூறு மீட்டர் வித்தியாசம். அதற்கும் முந்திய தாள்களில் இன்னும் கூடுதலாகவே இருக்கலாம்.

நகலைப் பார்த்து வேலை செய்கிறவர்களுக்காக என் முட்டாள்தனம் ஒன்றைச் சொல்கிறேன். ஒருமுறை மூன்று வாரம் உட்கார்ந்து ஒரு சதுப்பைக் கணினியில் வரைந்தேன். குறுக்கே நேராக ஓடிய கால்வாய் ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. அதற்கு ஒரு விளக்கம்கூட எழுதி வைத்திருந்தேன். பிறகு மூலத்தாளை நேரில் பார்க்க வாய்த்தது. கால்வாய் இல்லை. துணி ஒட்டிய தாளை மடித்து வைத்த மடிப்பு, நூறாண்டுத் தூசி படிந்து கறுத்திருந்தது. கறுப்பு வெள்ளை நகலில் மையும் தூசியும் ஒன்றுதான். வண்ண நகல் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். பிற்காலத் திருத்தங்களைச் சிவப்பு மையில் போட்டிருந்தாலும் கறுப்பு வெள்ளையில் அது தெரியாது. முப்பது ஆண்டு இடைவெளி ஒரே கறுப்பில் கரைந்துவிடும்.

காகிதத்துக்கு வெளியே இருக்கும் சாட்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது கிழக்கு இங்கிலாந்தின் ஃபென் நிலங்கள். 17ஆம் நூற்றாண்டில் வெர்முய்டன் என்ற டச்சுக்காரரின் வழிகாட்டலில் பெரிய அளவில் நீரை வடிக்கத் தொடங்கினார்கள். 1658இல் ஜோனஸ் மூர் வரைந்த பெரிய வரைபடம் அந்த வேலையைக் காட்டுகிறது. நீர் வடிந்ததும் கரிமண் (அரைகுறையாக மக்கிய செடிகளாலான மண்) காய்ந்து சுருங்கியது, காற்றில் கரைந்தது. எவ்வளவு என்று பார்க்க ஹோம் ஃபென் என்ற இடத்தில் 1851இல் ஓர் இரும்புத் தூணைத் தலை தரையோடு சமமாக இருக்கும்படி புதைத்தார்கள். இன்று தூணின் தலை தரையிலிருந்து ஏறத்தாழ நான்கு மீட்டர் உயரத்தில் நிற்கிறது. தூண் எழவில்லை, தரை இறங்கியது. இதனால் ஒரு விந்தை நடந்தது. பழைய கழிகளுக்குள் படிந்திருந்த வண்டல் கரிமண்ணைப் போலச் சுருங்காது. அதனால் ஒருகாலத்தில் பள்ளமாக இருந்த கழி, இன்று வயலுக்கு நடுவே மேடாக நெளிந்து போகிறது. அந்த மேட்டின்மேல் வீடு கட்டியிருக்கிறார்கள், இறுகிய நிலம் அதுதான் என்பதால். எந்த வரைபடத்திலும் ஏறாத, வரைபடங்களுக்கு முந்திய கழிகளும் இப்படித் தெரிகின்றன. உங்கள் சதுப்பில் கரிமண் இருக்கிறதோ இல்லையோ, லைடார் (வானிலிருந்து லேசர் கதிரால் தரையின் உயரத்தை அளக்கும் முறை) உயரத் தரவு கிடைத்தால் நிழலிட்டுப் பாருங்கள். உழுத வயலின் மண்நிற வேறுபாடு, மழைக்குப் பின் நீர் தேங்கும் வளைவு, காரணமில்லாமல் நெளியும் சொத்து எல்லை, இவையெல்லாம் செத்த கழிகளாக இருக்கலாம். 1960 முதல் 1972 வரை எடுத்த கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்கள் 1995இல் பொதுவுக்கு வந்தன. அவற்றில் நல்லவற்றில் இரண்டு மீட்டர் அளவுள்ள பொருள்கூடத் தெரியும். 1972இல் பறந்த முதல் லேண்ட்சாட்டில் ஒரு புள்ளியே ஏறத்தாழ 80 மீட்டர் என்பதால், கழிகளுக்குக் கொரோனாதான் உதவும். சேற்றில் குழாய் இறக்கி மண்மாதிரி எடுத்து, அதிலுள்ள நுண்ணுயிர் ஓடுகளைப் பார்த்து எந்த அடுக்கு உவர், எந்த அடுக்கு நன்னீர் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அது என் துறையல்ல. நிலப்பக்க எல்லை உங்களுக்கு உயிர்நாடி என்றால் அவர்களிடம்தான் போக வேண்டும். வரைபடத்தால் அதைத் தீர்க்க முடியாது.

இவ்வளவுக்கும் பிறகு ஹெக்டேர் கணக்குக்கு வருகிறேன். போடலாம், ஆனால் வரம்போடு. கடற்பக்க விளிம்பு ஆறு கிலோமீட்டர் நீளம், அதன் இடத்தில் இருபுறமும் முப்பது மீட்டர் ஐயம் என்றால், அந்த ஒரு விளிம்பிலேயே 18 ஹெக்டேர் கூடவோ குறையவோ வாய்ப்பிருக்கிறது. இரண்டு வரைபடங்களுக்கும் இதைத் தனித்தனியே போட்டுப் பாருங்கள். கழித்து வரும் வித்தியாசம் அதைவிடப் பெரிதாக இல்லையென்றால் “சுருங்கியது” என்று எழுத உரிமையில்லை. ஒவ்வொரு கழிக்கும் ஒவ்வொரு திட்டுக்கும் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்டு மதிப்பெண் போடுங்கள்: அது இருந்தது என்பது எவ்வளவு உறுதி, அளவு எவ்வளவு உறுதி, இடம் எவ்வளவு உறுதி. கலிஃபோர்னியாவில் இந்த வேலையைச் செய்தவர்கள் இப்படித்தான் பிரித்தார்கள், நானும் அதையே பின்பற்றுகிறேன். ஒரு குட்டை இருந்தது உறுதி, இடம் உறுதியில்லை என்று வரும். அதை அப்படியே பதிய ஒரு கட்டம் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நீலத்தில் நிரப்பிவிட்டால், ஐந்து ஆண்டு கழித்து வேறொருவர் உங்கள் கோப்பைத் திறந்து உங்கள் ஊகத்தையும் உங்கள் அளவையும் ஒரே தரத்தில் எடுத்துக்கொண்டு, அதன்மேல் தூர்வாரும் திட்டமோ எல்லை வழக்கோ போட்டுவிடுவார்.

உங்கள் விஷயத்தில் நான் இப்போதே சொல்லக்கூடியது இவ்வளவு: முதல் வரைபடத்தின் பெரிய கழிகளும் அவற்றின் வாய்களும் நம்பத்தக்கவை, நுனிக்கிளைகள் பாதிக்குப் பாதி, வெளிவிளிம்பு அதன் பொருள் தெரியும்வரை சந்தேகம், நிலப்பக்க எல்லை வெறும் சுட்டல். இரண்டாவதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம், நீங்கள் இணைத்த படத்தில் தாளின் கீழ் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. அளவுவிகிதமும், அளந்த ஆண்டும், அச்சிட்ட ஆண்டும், திருத்திய ஆண்டும் அங்கேதான் இருக்கும். அந்த ஓரத்தை மட்டும் தனியாக, வண்ணத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள். பார்த்துவிட்டு மிச்சத்தைச் சொல்கிறேன்.